பைராக்ஸ்மாங்கைட்: ஓர் அரிய மாங்கனீசு சிலிக்கேட் உருவாகும் விதம்

மாங்கனீசுத் தாது கிடைக்கும் சில சுரங்கங்களில், கரிய தாதுவுக்கு இடையே பட்டை பட்டையாக இளஞ்சிவப்பு நிறக் கல் ஒன்று தென்படும். வெளிப்பக்கம் முழுவதும் கறுத்துப் போயிருப்பதால் அதை உடைத்துப் பார்க்கும்போதுதான் உள்ளிருக்கும் ரோஜா நிறம் தெரியவரும். கனிமங்களோடு ஓரளவு பழகியவர்கள் அதைப் பார்த்த உடனேயே ரோடோனைட் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால், உலகின் சில இடங்களில் மட்டும், அதே நிறமும் அதே கடினத்தன்மையும் ஏறக்குறைய அதே வேதிச் சேர்மானமும் கொண்ட வேறொரு கனிமம் அந்த இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் பைராக்ஸ்மாங்கைட்.

இரண்டும் முதன்மையாக மாங்கனீசு, சிலிக்கான், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களால் ஆனவை; இரண்டிலும் இவை ஒரு மாங்கனீசுக்கு ஒரு சிலிக்கானும் மூன்று ஆக்சிஜனும் என்ற அதே விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன. கலப்பில்லாத தூய நிலையில், எடைக் கணக்கில் 54 விழுக்காடு மாங்கனீசு ஆக்சைடும் 46 விழுக்காடு சிலிக்காவும் இருக்கும். இப்படிச் சேர்மானம் ஒன்றாக இருக்கும்போது இரண்டு கனிமங்கள் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். ஒரு கனிமத்தை அடையாளம் காண, அதில் எந்த அணுக்கள் உள்ளன என்பது மட்டும் போதாது. அவை எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன என்பதும் தெரிய வேண்டும். அந்த ஒழுங்கைத் தீர்மானிப்பவை, பாறை புதைந்திருந்த ஆழமும் அங்கு நிலவிய வெப்பமும் உடனிருந்த பிற தனிமங்களுமே. பைராக்ஸ்மாங்கைட் அரிதாக இருப்பதன் காரணமும் இதற்குள்தான் இருக்கிறது.

சங்கிலியாக அமையும் சிலிக்கேட்

சிலிக்கேட் கனிமம் எதுவாக இருந்தாலும் அதன் அடிப்படை அலகு ஒன்றுதான். நடுவில் ஒரு சிலிக்கான் அணுவும் அதைச் சுற்றி நான்கு மூலைகளில் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் அமைந்த நான்முகி அது. இந்த நான்முகிகள் தனித்தனியாக நிற்கலாம், வளையங்களாகவும் தகடுகளாகவும் இணையலாம், முப்பரிமாணச் சட்டகமாகவும் பின்னிக்கொள்ளலாம். ஒவ்வொரு நான்முகியும் தன் நான்கு மூலைகளில் இரண்டை அண்டை நான்முகிகளோடு பகிர்ந்துகொண்டால், முடிவில்லாமல் நீளும் ஒற்றைச் சங்கிலி கிடைக்கும். ஒவ்வொரு சிலிக்கானுக்கும் மூன்று ஆக்சிஜன் என்ற விகிதம் இந்தப் பகிர்விலிருந்துதான் வருகிறது. சங்கிலிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் மாங்கனீசு, இரும்பு, கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் நேர்மின் அயனிகள் அமர்ந்து, சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிணைத்து வைக்கின்றன.

ஒற்றைச் சங்கிலி என்றாலும் எல்லாச் சங்கிலிகளும் ஒரே மாதிரி நேராக ஓடுவதில்லை. நெய்த துணியின் கரையில் ஒரு பூவேலை சில விரல்கடைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதைப் போல, சங்கிலியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கை நான்முகிகளுக்குப் பிறகு அதே வடிவம் மீண்டும் தொடங்குகிறது. பைராக்ஸீன் என்ற பெருங்குடும்பத்தில் இரண்டு நான்முகிகளுக்கு ஒருமுறை வடிவம் திரும்ப வரும். வொல்லஸ்டோனைட் என்ற கால்சியம் சிலிக்கேட்டில் மூன்றுக்கு ஒருமுறை. ரோடோனைட்டில் ஐந்துக்கு ஒருமுறை. பைராக்ஸ்மாங்கைட்டில் ஏழுக்கு ஒருமுறை. நீளத்தால் சொல்வதானால், ரோடோனைட்டின் மீள்வு ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம், பைராக்ஸ்மாங்கைட்டின் மீள்வு ஏறத்தாழ 17 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு.

மூன்று, ஐந்து, ஏழு என்று எண்கள் இரண்டிரண்டாக ஏறுவது தற்செயல் அல்ல. ரோடோனைட்டின் ஐந்து என்பது வொல்லஸ்டோனைட் வகைத் துண்டு ஒன்றும் பைராக்ஸீன் வகைத் துண்டு ஒன்றும் அடுத்தடுத்து வருவதால் கிடைக்கும் மூன்றும் இரண்டும் சேர்ந்த ஐந்து. அதே வரிசையில் இன்னொரு பைராக்ஸீன் துண்டைச் சேர்த்தால் மூன்று, இரண்டு, இரண்டு என ஏழாகிறது. ஆகவே பைராக்ஸ்மாங்கைட்டை, ரோடோனைட்டைக் காட்டிலும் பைராக்ஸீனுக்கு ஒரு படி நெருங்கிய அமைப்பு என்று புரிந்துகொள்வது பொருத்தமாக இருக்கும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், அது உருவாகும் சூழலைப் பற்றிப் பின்னர் வரும் விவரங்கள் பலவும் தாமாகவே விளங்கும். பைராக்ஸீனைப் போல ஒற்றைச் சங்கிலி கொண்டும், மீள்வு எண்ணிக்கையில் அதிலிருந்து விலகியும் நிற்கும் இத்தகைய கனிமங்களுக்குப் பைராக்ஸினாய்டுகள் என்பது பொதுப்பெயர்.

சங்கிலி ஏன் இப்படி வளைந்து நெளிய வேண்டும்? இடைவெளிகளில் அமரும் அயனிகளின் பருமனே காரணம். கால்சியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 1.00 ஆங்ஸ்ட்ராம், மாங்கனீசுக்கு 0.83, இரும்புக்கு 0.78, மக்னீசியத்துக்கு 0.72. மக்னீசியம், இரும்பு போன்ற சிறிய அயனிகளுக்குப் பைராக்ஸீனின் எளிய சங்கிலி போதுமானது. எல்லா இடங்களிலும் கால்சியமே அமரும்போது அந்தச் சங்கிலியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அது மூன்றுக்கு ஒருமுறை மடங்கிக்கொள்கிறது. மாங்கனீசு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எனவே மாங்கனீசு சிலிக்கேட்டின் சங்கிலி இரண்டிலும் நிலைக்காமல் மூன்றிலும் நிலைக்காமல் ஐந்து, ஏழு என்று நடுவழியில் தங்குகிறது. வெப்பத்திலோ அழுத்தத்திலோ ஏற்படும் சிறு மாற்றம்கூட அதை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட முடிகிறது என்றால், அதற்கு இந்த நடுநிலைமைதான் காரணம்.

நிறத்துக்கும் மாங்கனீசுதான் பொறுப்பு. இந்தக் கனிமத்தில் உள்ள மாங்கனீசு இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட நிலையில் இருக்கிறது. அந்த அயனியின் ஐந்து வெளி எலக்ட்ரான்கள், அணுவில் எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களான ஆர்பிட்டல்கள் ஐந்தில் தனித்தனியாக அமர்ந்திருப்பதால், ஒளியை உறிஞ்சி இடம் மாற வேண்டுமானால் ஓர் எலக்ட்ரான் தன் சுழற்சித் திசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை. ஆகவே ஒளி உறிஞ்சப்படுவது குறைவு, நிறமும் மென்மையானது. மாங்கனீசு மூன்று மின்னூட்டம் கொண்ட நிலையில் இருக்கும் பீமான்டைட் போன்ற கனிமங்கள் அடர்ந்த செந்நிறமாக இருப்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பைராக்ஸ்மாங்கைட்டில் இரும்பு கூடுதலாகச் சேரும்போது ரோஜா நிறம் மங்கிப் பழுப்பாகிறது.

கடலடியில் தொடங்கும் வழி

புவியோட்டில் மாங்கனீசின் பங்கு ஆயிரத்தில் ஒன்று அளவுதான். சாதாரணப் பாறைகளில் அது இரும்பு, மக்னீசியம் ஆகியவற்றின் இடங்களில் கலந்து மறைந்துவிடுகிறது. தனிக் கனிமமாக உருவெடுக்கும் அளவுக்குச் சேர்வதில்லை. எனவே ஒரு மாங்கனீசு சிலிக்கேட் தோன்றுவதற்கு முன்பே, மாங்கனீசைப் பிரித்துத் திரட்டும் வேலை எங்கோ ஓரிடத்தில் நடந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது நடப்பது கடலில்.

கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்தும் நிலத்துப் பாறைகளின் சிதைவிலிருந்தும் மாங்கனீசும் இரும்பும் சேர்ந்தே வருகின்றன. ஆக்சிஜன் குறைந்த நீரில் இரண்டும் கரைந்திருக்கும். அந்த நீர் ஆக்சிஜன் உள்ள நீரைச் சந்திக்கும்போது இரும்பு முதலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து படிந்துவிடுகிறது. மாங்கனீசு அவ்வளவு விரைவில் மசிவதில்லை, கரைந்த நிலையிலேயே மேலும் சற்றுத் தொலைவு போய்ப் பிறகுதான் கரிய ஆக்சைடாகப் படிகிறது. இந்தக் கால தாமதமும் இட வேறுபாடும் சேர்ந்து இரண்டையும் பிரித்துவிடுகின்றன. படிந்த ஆக்சைடு, கரிமப் பொருள் நிறைந்த சேற்றுக்கடியில் புதைந்தால், அங்கு ஆக்சிஜன் இல்லாத நிலையில் மீண்டும் கரைந்து, கார்பனேட்டுடன் இணைந்து ரோடோகுரோசைட் என்ற மாங்கனீசு கார்பனேட்டாக மாறும். கனிமத்துக்குத் தேவையான இரண்டு மூலப்பொருள்களில் ஒன்று இப்படித் தயாராகிறது.

மற்றொன்றான சிலிக்காவைத் தருபவை பெரும்பாலும் ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்கள். அவற்றின் சிலிக்கா ஓடுகள் கடலடியில் குவிந்து இறுகிச் செர்ட் என்னும் கெட்டியான பாறை உண்டாகிறது. மாங்கனீசுப் படுகைகள் செர்ட் அடுக்குகளோடு மாறி மாறி அமைந்திருப்பதை உலகின் பல பகுதிகளில் காணலாம். ஜப்பானின் சிறிய மாங்கனீசுச் சுரங்கங்களில் பல இத்தகைய செர்ட் அடுக்குகளில் அமைந்தவையே.

இதற்குப் பிறகு நடப்பது உருமாற்றம். புவித்தட்டுகள் மோதும்போது கடலடிப் படிவுகள் பல கிலோமீட்டர் ஆழத்துக்குத் தள்ளப்படுகின்றன. அல்லது அருகே கிரானைட் குழம்பு ஊடுருவி அவற்றைச் சூடாக்குகிறது. பாறை உருகுவதில்லை. திடநிலையில் இருந்தபடியே, தொட்டுக்கொண்டிருக்கும் கனிமங்கள் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. ரோடோகுரோசைட்டும், சிலிக்காவின் படிக வடிவமான குவார்ட்சும் சேர்ந்து மாங்கனீசு சிலிக்கேட்டாக மாறி, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகின்றன. 115 கிராம் ரோடோகுரோசைட்டும் 60 கிராம் குவார்ட்சும் முழுமையாக வினைபுரிந்தால் 131 கிராம் சிலிக்கேட்டும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். அதாவது பாறையின் எடையில் நான்கில் ஒரு பங்கு வாயுவாகப் போய்விட வேண்டும்.

அந்த வாயு வெளியேற வழி இருக்கிறதா என்பது வினையின் போக்கையே மாற்றிவிடும். வாயு அடைபட்டுக் கிடந்தால் வினை தடைப்பட்டு, அதே வெப்பத்திலும் ரோடோகுரோசைட்டும் குவார்ட்சும் அருகருகே மாறாமல் இருந்துவிடும். பிளவுகள் வழியே வாயு வெளியேறினாலோ, பாறைத் துளைகளில் ஓடும் நீர் அதைக் கலந்து நீர்க்கச் செய்தாலோ, குறைந்த வெப்பத்திலேயே வினை நிறைவேறும். ஒரே படுகையில் சில அங்குலங்களுக்குள்ளேயே ஒரு பட்டை கார்பனேட்டாகவும் அடுத்த பட்டை சிலிக்கேட்டாகவும் இருப்பதற்கு இந்த நீர்ம வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

வினை பாதியில் நின்றுபோன பாறைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வரிசை நேரிலேயே விளங்கும். ஒரு பக்கம் சாம்பல் நிறக் குவார்ட்ஸ். அதை ஒட்டி ரோஜா நிறத்தில் மாங்கனீசு சிலிக்கேட் விளிம்பு. அதற்கப்பால் சாம்பலும் பச்சையும் கலந்த டெப்ரோயைட். கடைசியில் எஞ்சிய ரோடோகுரோசைட். டெப்ரோயைட்டும் மாங்கனீசு சிலிக்கேட்தான்; ஆனால் அதில் ஒரு சிலிக்கானுக்கு இரண்டு மாங்கனீசு உள்ளன, நான்முகிகள் சங்கிலியாகச் சேராமல் தனித்தனியே நிற்கின்றன. சிலிக்கா போதாத பக்கத்தில் டெப்ரோயைட்டும், தாராளமாக உள்ள பக்கத்தில் சங்கிலிச் சிலிக்கேட்டும் உண்டாவது இயல்பு.

வழி தவறக்கூடிய இடங்கள்

மாங்கனீசும் சிலிக்காவும் வெப்பமும் இருந்துவிட்டால் பைராக்ஸ்மாங்கைட் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மூலப் படிவில் களிமண் கலந்திருந்தால் அதிலுள்ள அலுமினியம் குறுக்கே வரும். மாங்கனீசு, அலுமினியம், சிலிக்கா மூன்றும் சேர்ந்து ஸ்பெசார்ட்டைன் என்ற கார்னெட்டாக மாறிவிடுவதால் சங்கிலிச் சிலிக்கேட்டுக்கு மாங்கனீசு மிஞ்சாமல் போகலாம். இந்தியாவின் நடுப்பகுதியில், நாக்பூர், பண்டாரா, பாலாகாட் வட்டாரங்களில் ஸ்பெசார்ட்டைனும் குவார்ட்சும் நிறைந்த பாறைகள் பரவலாக உள்ளன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எல். எல். ஃபெர்மர் 1909இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் இவற்றுக்கு கோண்டைட் என்று பெயரிட்டார். மாங்கனீசு மிகுந்த கடற்படிவில் அலுமினியமும் கலந்திருந்தால் உருமாற்றம் எந்தத் திசையில் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுச் சொல்வது கடினம்.

ஆக்சிஜனும் அப்படித்தான். பாறைக்குள் ஆக்சிஜனேற்றும் சூழல் நிலவினால் மாங்கனீசு இரண்டு மின்னூட்ட நிலையில் தங்காது. மூன்று மின்னூட்ட நிலைக்குப் போய், பிரானைட் போன்ற கரிய கனிமங்களாக மாறிவிடும். பிரானைட்டிலும் சிறிதளவு சிலிக்கா இருப்பதால் அதுவும் ஒரு மாங்கனீசு சிலிக்கேட்டே. ஆனாலும் அதன் மாங்கனீசில் பெரும்பகுதி மூன்று மின்னூட்டம் கொண்டது. ரோஜா நிறச் சங்கிலிச் சிலிக்கேட் நிலைத்திருக்க ஆக்சிஜன் அடங்கியிருக்க வேண்டும். மூலப் படிவில் கரிமப் பொருள் புதைந்திருந்தால், அது பின்னர் கிராஃபைட்டாக மாறிய பிறகும் ஆக்சிஜனை அடக்கி வைக்கும் வேலையைத் தொடர்ந்து செய்கிறது.

ஆக, மாங்கனீசு மிகுந்து, அலுமினியம் குறைந்து, ஆக்சிஜன் அடங்கி, சிலிக்கா போதுமான அளவில் இருந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியும் கிடைத்த பிறகே சங்கிலிச் சிலிக்கேட் உருவாகிறது. அந்த நிலையிலும் அது ரோடோனைட்டாக அமையுமா, பைராக்ஸ்மாங்கைட்டாக அமையுமா என்ற கேள்வி மீதமிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ரோடோனைட்டே அமைகிறது.

அதற்கு முதற்காரணம் கால்சியம். கடற்படிவுகளில் கால்சியம் சிறிதாவது இல்லாமல் இருப்பது அரிது. ரோடோனைட்டின் அமைப்பில் உள்ள ஐந்து அயனி இடங்களில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரியது. பருத்த கால்சியம் அயனிக்கு அது மிகவும் பொருந்துகிறது. கால்சியம் அங்கே அமர்ந்துகொண்டால், ஐந்து நான்முகிகளுக்கு ஒருமுறை மீளும் ஐந்தின் அமைப்பு உறுதிப்பட்டுவிடும். 2019இல் வெளியான ரோடோனைட் குழுவின் புதிய வகைப்பாடு இதைத் தெளிவாகவே ஏற்றுக்கொண்டது. அதன்படி, அந்தப் பெரிய இடத்தில் கால்சியம் மேலோங்கியிருப்பதுதான் ரோடோனைட். ஐந்தின் அமைப்பு மாறாமல் அந்த இடத்திலும் மாங்கனீசே மேலோங்கியிருந்தால் அது விட்டிங்கியைட் என்ற தனிக் கனிமம். பின்லாந்தில் உள்ள விட்டிங்கி சுரங்கங்களை ஒட்டி அந்தப் பெயர் அமைந்தது. இரும்பும் மக்னீசியமும் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன. சிறிய அயனிகளான அவை அமைப்பைப் பைராக்ஸீன் பக்கம் இழுப்பதால் ஏழின் சங்கிலிக்கு வலுச் சேர்க்கின்றன.

அடுத்த காரணம் வெப்பமும் அழுத்தமும். 1970களில் தூய மாங்கனீசு சிலிக்கேட்டைக் கொண்டு நடந்த உயரழுத்தச் சோதனைகள், அழுத்தம் கூடக் கூட ஐந்தின் அமைப்பு ஏழாகவும், பின்னர் பைராக்ஸீனாகவும், அதற்கும் மேலே கார்னெட் வகை அமைப்பாகவும் மாறுவதைக் காட்டின. ஒவ்வொரு படியிலும் அணுக்கள் மேலும் நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. அழுத்தம் எப்போதும் குறைந்த இடத்தை அடைக்கும் அமைப்புக்கே சாதகமாக இருக்கும். வெப்பம் இதற்கு எதிராக வேலை செய்கிறது. ஒரே அழுத்தத்தில் வெப்பத்தைக் கூட்டினால் ஏழின் அமைப்பு விலகி ஐந்தின் அமைப்பு நிலைபெறும். எனவே, தூய சேர்மானத்தில் பைராக்ஸ்மாங்கைட் என்பது ஒப்பளவில் குறைந்த வெப்பத்துக்கும் மிகுந்த அழுத்தத்துக்கும் உரியது. இயற்கைப் பாறைகளில் கால்சியம், இரும்பு, மக்னீசியம் ஆகியவற்றின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதால், இந்த எல்லைக்கோடும் இடத்துக்கு இடம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டு அமைப்புகளுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு மிகவும் சிறியது என்பதால், ஒன்று மற்றொன்றாக மாறுவதும் மிக மெதுவாகவே நடக்கிறது. ஐந்தின் சங்கிலியை ஏழாக்க வேண்டுமானால் சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள வலுவான பிணைப்புகளை அறுத்து மீண்டும் கட்ட வேண்டும். இதனால் சூழல் மாறிய பிறகும் பழைய அமைப்பு பாதி மாறியும் மாறாமலும் தங்கிவிடுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இத்தகைய படிகங்களை ஆராய்ந்தபோது, ஒழுங்காக ஐந்தைந்தாக ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலிகளின் நடுவே திடீரென ஓர் ஏழும், ஏழுகளின் நடுவே ஓர் ஐந்தும் இடம்பெற்றிருப்பது தெரியவந்தது. வெறுங்கண்ணுக்கு ஒரே படிகமாகத் தெரிவது, அணு அளவில் இரண்டு கனிமங்களின் மெல்லிய அடுக்குகளாக இருக்கலாம் என்பது எனக்கு இந்தக் கனிமத்தைப் பற்றிய செய்திகளிலேயே மிகவும் வியப்பளிப்பது.

அடையாளம் காண்பது

பைராக்ஸ்மாங்கைட் முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1913இல். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஐவா என்னும் ஊருக்கு அருகே கிடைத்த மாதிரியை ஆராய்ந்த ஃபோர்டு, பிராட்லி ஆகிய இருவரும் அதைப் பைராக்ஸீன் குழுவைச் சேர்ந்த புதிய கனிமமாகக் கருதினர். அன்றைக்குக் கையிலிருந்த வேதிப் பகுப்பாய்வும் ஒளியியல் அளவீடுகளும் அந்த முடிவுக்கே இட்டுச் சென்றன. சங்கிலியின் ஏழு நான்முகி ஒழுங்கு எக்ஸ் கதிர் ஆய்வின் வழியாகவே வெளிப்பட்டது. ஜெர்மானியப் படிகவியலாளர் ஃப்ரீட்ரிஷ் லீபாவ் 1959இல் அதை வெளியிட்டார். அதன் பிறகே இந்தக் கனிமம் பைராக்ஸீனுக்குள் அடங்காமல் பைராக்ஸினாய்டாக நிற்பது உறுதியானது.

கையில் ஒரு மாதிரி கிடைத்தால் முதலில் செய்யக்கூடியவை எளியவை. கடினத்தன்மை 5.5 முதல் 6 வரை இருப்பதால் ரோடோகுரோசைட்டிலிருந்து அதை எளிதில் பிரித்துவிடலாம்; ரோடோகுரோசைட்டைக் கத்தி முனையால் கீற முடியும், சூடான நீர்த்த அமிலத்தில் அது நுரைக்கவும் செய்யும். அடர்த்தி 3.6க்கும் 3.8க்கும் இடைப்பட்டிருப்பதால், அதே அளவுள்ள குவார்ட்ஸ் துண்டைவிடக் கை உணரும் அளவுக்குக் கனமாக இருக்கும். ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு பிளவுத் தளங்கள் உடைந்த பரப்பில் பளபளக்கும். ஆனால், இவை அனைத்தும் ரோடோனைட்டுக்கும் பொருந்தும். கண்ணையும் கையையும் மட்டும் நம்பி இந்த இரண்டையும் பிரிப்பது நம்பத்தக்க வழி ஆகாது.

பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குத் தடிமனுக்குத் தேய்த்து, முனைவாக்கிய ஒளி (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படத் தொடங்கும். இவ்விரு கனிமங்களிலும் ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசைகள் இரண்டு உண்டு. அவற்றுக்கு ஒளியச்சுகள் என்று பெயர். அந்த அச்சுகளுக்கு இடையிலான கோணம் ரோடோனைட்டில் பொதுவாக 60 பாகைக்கு மேல் இருக்கும். பைராக்ஸ்மாங்கைட்டில் 35 முதல் 46 பாகை வரையே இருக்கும். நுண்ணோக்கி ஒன்றே துணையாக இருந்த காலத்தில் பாறையியலாளர்கள் பெரிதும் சார்ந்திருந்த அளவீடு இதுதான். பாறையியலாளர் சி. இ. டில்லி 1937இல் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வட்டாரத்துப் பாறைகளில் பைராக்ஸ்மாங்கைட் இருப்பதை அறிவித்தார். இன்றைக்கு எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளப்படுகிறது. பழைய சேகரிப்புகளில் ரோடோனைட் என்று சீட்டு ஒட்டப்பட்டு இருப்பவற்றை நல்ல ஆய்வகத்தில் ஒருமுறை மறுபடியும் பார்ப்பது பயனுள்ளது என்பது என் கருத்து.

தெளிந்த, ஒளி ஊடுருவும் படிகங்களுக்குப் பெயர் பெற்ற இடம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள புரோக்கன் ஹில். 1883இல் கண்டறியப்பட்ட அந்த ஈய, துத்தநாக, வெள்ளித் தாதுத் திரளில் ரோடோனைட்டும் பைராக்ஸ்மாங்கைட்டும் இரண்டும் கிடைக்கின்றன. கலீனா என்னும் சாம்பல் நிற ஈயத் தாதுவுக்குள் சிவந்த படிகங்கள் பதிந்திருக்கும் மாதிரிகள் அருங்காட்சியகங்களில் மிகவும் மதிக்கப்படுகின்றன. கடும் உருமாற்றத்துக்கு உள்ளான பாறை அது. இரண்டு கனிமங்களும் சேர்ந்தே இருக்கும் இடங்களில், கால்சியம் பெரும்பாலும் ரோடோனைட்டிலும் இரும்பும் மக்னீசியமும் பைராக்ஸ்மாங்கைட்டிலும் ஒதுங்கிக்கொள்வதைப் பகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் உள்ள தகுச்சி சுரங்கமும் அழகிய பைராக்ஸ்மாங்கைட் படிகங்களுக்குப் பெயர் பெற்றது. இவற்றை அணிகலனுக்காகப் பட்டை தீட்டுவதும் உண்டு. ஆனால், எளிதில் பிளவுபடும் இயல்பு காரணமாகத் தீட்டும்போதே உடைந்துவிடும் என்பதால் அத்தகைய கற்கள் மிகவும் குறைவு.

நிலப்பரப்புக்கு வந்த பிறகு இந்தக் கனிமம் நீண்ட காலம் தாங்குவதில்லை. மழைநீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டதும் மாங்கனீசு உயர் மின்னூட்ட நிலைக்கு மாறி, பரப்பிலும் வெடிப்புகளின் ஓரங்களிலும் கரிய ஆக்சைடாகப் படர்கிறது. அடர்ந்த மழையும் வெப்பமும் உள்ள நாடுகளில் பல மீட்டர் ஆழம்வரை சிலிக்கேட் முழுவதும் இப்படி ஆக்சைடாக மாறிவிடுவது உண்டு. சுரங்கத் தொழிலுக்கு அந்த ஆக்சைடுதான் வேண்டிய தாது. கீழே இருக்கும் ரோஜா நிறப் பாறை அதன் மூலப்பாறை.

ஏழின் சங்கிலி பூமிக்கு மட்டும் உரியதல்ல. 1969இல் அப்போலோ 11 கொண்டுவந்த நிலவுப் பாறைகளில் பைராக்ஸ்ஃபெராய்ட் என்ற கனிமம் கண்டறியப்பட்டது. அதன் அமைப்பு பைராக்ஸ்மாங்கைட்டின் அதே அமைப்பு. மாங்கனீசு இருக்க வேண்டிய இடங்களில் பெரும்பாலும் இரும்பும் சிறிதளவு கால்சியமும் உள்ளன. ஆய்வகத்தில் இதே சேர்மானம் மிகுந்த அழுத்தத்தில்தான் நிலையாக இருக்கிறது. ஆனால் நிலவில் அது கிடைத்ததோ மேற்பரப்பில் வழிந்து விரைவாக ஆறிய எரிமலைப் பாறையில். குழம்பு கடைசியாக உறையும் நேரத்தில் அந்த அமைப்பு அவசரமாக உருவாகி, சிதைவதற்குத் தேவையான வெப்பம் மீண்டும் கிடைக்காததால் 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே தங்கிவிட்டது. எனவே ஏழின் சங்கிலியைக் கண்டதும் உயரழுத்தத்தில் உருவான பாறை என்று முடிவு கட்டுவது தவறாகப் போகலாம். படிகத்தில் கால்சியம், இரும்பு, மக்னீசியம் ஆகியவை எவ்வளவு உள்ளன என்பதை அளந்து, உடனிருக்கும் ரோடோனைட்டையும் கார்பனேட்டையும் கார்னெட்டையும் சேர்த்து ஆராய்ந்த பிறகே, அந்தப் பாறை எந்த ஆழத்தில் எந்த வெப்பத்தில் உருமாறியது என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள்.